குட்டைக் கோதுமை மீது சுமத்தப்பட்ட பழி

“பசுமைப் புரட்சிக் கோதுமை ஓர் உரந்தின்னி. யூரியாவை நிறுத்திப் பாருங்கள், ஒன்றும் விளையாது. பழைய நெட்டை ரகங்களோ எதையும் கேட்காமல் விளைந்தவை.” இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் இதைக் கேட்காமல் வீடு திரும்ப முடிவதில்லை. மரபுத் தானியக் கடைகளின் துண்டறிக்கையில், வார இதழ்களின் சூழலியல் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப்போட்டித் தாளில்கூட இதே வாசகம் வருகிறது. சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். மண்ணின் மேல் மெய்யான கவலை உள்ளவர்கள். நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. வட இந்தியக் கோதுமை வயல்களில் யூரியா அளவு மீறிக் கொட்டப்படுகிறது என்பதும் உண்மை. நோயைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கைகாட்டும் காரணம்தான் தவறு.

குற்றம் விதையில் இல்லை. வயலில் இட்ட ஒவ்வொரு கிலோ தழைச்சத்துக்கும் (நைட்ரஜனுக்கும்) அதிக மணி தந்தவை புதிய குட்டை ரகங்களே. உரமே இடாத வயலில்கூடப் பல இடங்களில் அவையே முந்தியிருக்கின்றன. இதைச் சொன்னவுடன் உரக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதாக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இந்த வாதத்தைக் கடைசிவரை கேட்டால், உரம் விற்கிறவர்கள் மகிழ அதில் ஒன்றும் இல்லை என்பது தெரியும்.

மெக்சிகோவின் வடமேற்கில், சொனோரா மாநிலத்தில், யாக்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. நார்மன் போர்லாக் தன் கோதுமைகளைத் தேர்ந்தெடுத்த இடங்களில் முக்கியமானது. அங்கே சியுதாத் ஒப்ரெகோன் நகரையொட்டிய சோதனை வயலில் இவான் ஓர்திஸ்-மொனஸ்தேரியோவும் சக ஆய்வாளர்களும் ஒரு நேரடிக் கேள்வியைக் கேட்டார்கள். 1950 முதல் 1985 வரை அந்தப் பகுதிக்கென வெளியிடப்பட்ட பத்து ரகங்களை எடுத்துக்கொண்டார்கள். நெட்டையும் அதில் உண்டு, குட்டையும் உண்டு. எல்லாவற்றையும் அருகருகே விதைத்து, எக்டேருக்குத் தழைச்சத்து 0, 75, 150, 300 கிலோ என நான்கு அளவுகளில் வளர்த்தார்கள். பழைய ரகம் ஏழை மண்ணின் நண்பன் என்பது மெய்யானால், சுழியம் இட்ட பாத்தியில் அது முந்தியிருக்கவேண்டும். குறைந்தது சமமாகவாவது நின்றிருக்கவேண்டும்.

நிற்கவில்லை. 1997இல் வெளியான முடிவு இதுதான்: நான்கு அளவிலும் புதிய ரகங்கள் அதிகம் விளைந்தன. உரம் போடாத பாத்தியிலும் அப்படியே. ஒரே அளவு மகசூலை எட்டப் புதிய ரகத்துக்குப் பழையதைவிடக் குறைந்த தழைச்சத்தே போதுமானதாக இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ரகங்கள் உரத்துக்கு அடிமை என்ற குற்றச்சாட்டை, அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று.

அதற்கும் முன்பு, 1980இல், கேம்பிரிட்ஜ் பயிர் இனப்பெருக்க நிலையத்தின் ஆஸ்டின் குழு இங்கிலாந்துக் கோதுமைகளில் இதேபோன்ற ஒன்றைச் செய்து காட்டியிருந்தது. அவர்களுடைய நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய நெட்டை ரகங்கள் சாய்ந்து தோற்றுவிட்டன என்று யாரும் பிற்பாடு சொல்லக்கூடாது என்பதற்காக, பயிருக்கு வலை கட்டித் தாங்கினார்கள். நோய் தாக்காமல் மருந்தும் அடித்தார்கள். சத்து மிகுந்த வயல் ஒன்று, சத்துக் குறைந்த வயல் ஒன்று. கிழவருக்குக் கைத்தடி கொடுத்துப் பந்தயத்தில் ஓடவிட்ட மாதிரி. அப்படியும் இரண்டு வயலிலும் புதியவையே வென்றன. செடியின் மொத்த எடையில் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய ரகம் தன் உழைப்பில் பெரும்பகுதியைத் தாளுக்குக் கொடுத்தது. புதியது மணிக்குத் திருப்பிவிட்டது. செடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மணியாக இருந்த நிலை மாறி, இன்றைய நல்ல ரகங்களில் ஏறத்தாழப் பாதி மணியாகிறது. குட்டையாவதன் பொருள் இவ்வளவுதான். செடி கூடுதலாகத் தின்னத் தொடங்கவில்லை. தின்றதை மணியில் சேர்க்கக் கற்றுக்கொண்டது.

அப்படியானால் நெட்டை ரகம் உரம் கேட்கவில்லை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? வயலில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நெட்டைக் கோதுமைக்குத் தழைச்சத்தைக் கூட்டினால் தாள் இன்னும் உயரும், கதிர் கனக்கும், ஒரு காற்றும் மழையும் வந்தால் வயல் முழுவதும் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். படுத்த பயிரில் மணி சுருங்கும், அறுவடை வீணாகும். அதனால்தான் பஞ்சாப் விவசாயி அதற்கு உரம் போடவில்லை. தாங்க முடியாததால் ஒதுங்கியிருந்த ஒரு பயிருக்குப் போதுமென்ற மனம் இருந்ததாக நாம் பாராட்டு வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பானில் இனாஸுகா கொன்ஜிரோ உருவாக்கி 1935இல் வெளியான நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் மரபணுக்கள் இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தன. 1946இல் அந்த விதை அமெரிக்கா போய், ஓர்வில் வோகல் கையில் வளர்ந்து, போர்லாக்கிடம் சென்றது. அங்கிருந்து 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதையாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. அந்த முடிவின் பின்னால் நின்ற இருவர், அன்றைய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனும். இருவரும் தமிழர்கள் என்பதால் இந்தப் பழி நம் ஊர் மேடைகளில் அடிக்கடி அவர்கள் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அவர்கள் கொண்டுவந்தது சாயாத தாள். யூரியாவைக் கொட்டச் சொல்லும் கட்டளை எதுவும் அந்த விதை மூட்டையோடு வரவில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு ரகம் அதிக உரத்தைத் தாங்கும் என்பது வேறு. அதிக உரம் இல்லாவிட்டால் விளையாது என்பது வேறு. குட்டை ரகத்துக்கு முதலாவது பொருந்தும். கூடுதலாக இட்டால் கூடுதலாகத் தரும் என்பதால், விவசாயிக்கு இலாபம் தரும் உச்ச அளவு நெட்டை ரகத்துக்கு உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இங்கிலாந்து ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. இதை எதிர்த்தரப்பு இரண்டாவதாகத் திரித்துப் படிக்கிறது. பத்து மூட்டை தூக்க வல்லவனைப் பார்த்து, ‘இவனால் ஒரு மூட்டையைத் தூக்க முடியாது’ என்று சொல்வது போன்றது அது.

“எதையும் கேட்காமல் விளைந்தது” என்ற பேச்சில் ஒரு கணக்குப் பிழையும் ஒளிந்திருக்கிறது. ஒரு டன் கோதுமை மணியில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. புரதம் என்பதே தழைச்சத்தால் கட்டப்பட்டதுதான். எந்த ரகமானாலும் இதிலிருந்து பெரிதாக விலக முடியாது. 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கோதுமையின் சராசரி மகசூல் எக்டேருக்கு 800 கிலோ அளவில் இருந்தது. அதாவது ஓர் எக்டேரிலிருந்து ஆண்டுக்குப் 16 கிலோ சொச்சம் தழைச்சத்து மூட்டை கட்டி வெளியே போனது. அதை மண்ணின் மட்கும், மாட்டு எருவும், கோதுமையோடு கலந்தும் மாற்றியும் விதைத்த கொண்டைக்கடலையின் வேர் முடிச்சுகளும் ஈடுகட்டின. பயிர் கேட்காமல் இல்லை. கொஞ்சமாக விளைந்ததால் கொஞ்சமாகக் கேட்டது. இன்று நாட்டின் விளைச்சல் 11 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மணியில் மட்டும் 22 இலட்சம் டன் தழைச்சத்து உட்கார்ந்திருக்கிறது. எந்த மரபு விதையும் அதைக் காற்றிலிருந்து உருவாக்கித் தராது. கோதுமை பயறு வகை அன்று. ஈடுகட்டும் வழி எரு ஆகலாம், பயறாகலாம், யூரியா ஆகலாம். ஆனால் ஈடுகட்டியே ஆகவேண்டும்.

எரு என்றால் கசிவு கிடையாது என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயல் 1843 முதல் ஓயாமல் கோதுமை விளைந்துவரும் நிலம். அதில் ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம் இடுகிறார்கள். அந்தப் பாத்தியிலிருந்து நிலத்தடியில் இறங்கும் நைட்ரேட்டின் அளவு, அளவோடு இரசாயன உரமிட்ட பாத்திகளைவிட அதிகம். தழைச்சத்து எங்கிருந்து வந்தது என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

எதிர்த்தரப்பு மிக விரும்பிக் காட்டும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. இந்தியப் பாசன நிலங்களில் 1970இல் ஒரு கிலோ உரச்சத்துக்குப் 13 கிலோவுக்கு மேல் தானியம் கிடைத்தது. 2005இல் அது நான்கு கிலோகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு, ‘பார்த்தீர்களா, நவீன ரகத்தின் இலட்சணம்’ என்று முடிப்பார்கள். எண்ணில் எனக்குச் சண்டை இல்லை, முடிவில்தான். அந்த எண் ஒரு ரகத்தையும் இன்னொரு ரகத்தையும் ஒப்பிட்டதன்று. ஒரு காலத்தையும் இன்னொரு காலத்தையும் ஒப்பிடுகிறது. பசித்தவனுக்குப் போட்ட முதல் கவளம் செய்யும் வேலையை ஐந்தாவது கவளம் செய்யாது. உரமே காணாத மண்ணில் விழுந்த முதல் 40 கிலோவின் பலனை, 120 கிலோவுக்கு மேல் விழும் 40 கிலோவிடம் எதிர்பார்க்கக்கூடாது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் துத்தநாகமும் கந்தகமும் மண்ணிலிருந்து சுரண்டப்பட்டன. தழைச்சத்து மட்டும் மேலும் மேலும் போடப்பட்டது. மற்றொன்று குறைவாக இருக்கும்போது தழைச்சத்தைக் கூட்டிப் பயனில்லை என்பது வேளாண்மையின் அரிச்சுவடி.

இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வயலில் நின்ற ரகமும் ஒன்றே அல்ல. கல்யாண் சோனா போய், சோனாலிகா வந்து, பிறகு எச்.டி. 2329, 1990களில் பி.பி.டபிள்யூ. 343 என்று மாறிக்கொண்டே வந்தன. விதைதான் சோம்பேறி என்றால், அருகருகே விதைத்த சோதனைகளில் புதிய விதை தோற்றிருக்கவேண்டும். ஒரே வயல், ஒரே பருவம், ஒரே அளவு உரம் என்ற சோதனையைத் தாண்டாத எந்தக் கணக்கும் ரகத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நல்ல சீட்டுகளைப் பார்ப்போம். அவர்கள் மேடையில் இவற்றைச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வேர். பழைய நாட்டு ரகங்கள் பலவற்றின் வேர்த்தொகுதி இன்றைய ரகங்களுடையதைவிடப் பெரியது. இங்கிலாந்தில் ஃபோக்ஸ் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு, உரமிடாத நிலத்தில் மண்ணின் சொந்தத் தழைச்சத்தை உறிஞ்சுவதில் சற்றுப் பழைய ரகங்கள் மேம்பட்டிருந்ததாகக் கண்டது. யாக்கியில் கண்டதற்கு இது நேரெதிர். இதை மறைக்க நான் விரும்பவில்லை. இனப்பெருக்கம் எங்கே, எந்தச் சூழலில் நடந்தது என்பதைப் பொறுத்து இந்தக் குணம் கூடவும் குறையவும் செய்யும். ஆனால் அந்த ஆய்வின் ரகங்கள் எல்லாம் 1960களின் இறுதிக்கும் 1980களின் இறுதிக்கும் இடைப்பட்டவை. அங்கே ‘பழைய’ என்ற சொல்லுக்குப் பாட்டன் காலத்து நெட்டைக் கோதுமை என்று பொருளில்லை.

இரண்டாவது இன்னும் கூர்மையானது. குட்டையாக்கும் மரபணுவே தழைச்சத்து உறிஞ்சுவதைச் சற்று மட்டுப்படுத்துகிறது. 2018இல் சீன அறிவியல் கழகத்தின் ஃபூ சியாங்தோங் குழு நெல்லில் இதன் வழிமுறையைக் காட்டியது. வளர்ச்சியை அடக்கும் டெல்லா என்ற புரதம் குட்டைப் பயிரில் சேர்ந்துகொள்கிறது. அது தண்டின் உயரத்தோடு நிற்காமல் தழைச்சத்து உறிஞ்சுதலையும் இழுத்துப்பிடிக்கிறது. 2023இல் சீன வேளாண் பல்கலைக்கழகத்தார் கோதுமையில் குட்டை மரபணுவும் அதன் அண்டை மரபணுவும் அடங்கிய துண்டு இல்லாத, ஆனாலும் குட்டையாகவே நிற்கும் வகைகள் கூடுதலாக விளைவதையும் தழைச்சத்தை மேலும் நன்றாகப் பயன்படுத்துவதையும் காட்டினார்கள். ஆகவே குட்டை மரபணுவுக்கு ஒரு குறை உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரகம் என்பது ஒற்றை மரபணு இல்லை. அந்தக் குறையைச் சுமந்துகொண்டே, ஐம்பதாண்டுத் தேர்வில் சேர்ந்த ஏராளமான பிற மரபணுக்களின் பலத்தால் குட்டை ரகங்கள் நெட்டையை முந்தின. குறையைக் கண்டுபிடித்ததும் புதிய இனப்பெருக்கம்தான். அதைத் திருத்தப்போவதும் அதுவே.

புதிய ரகங்கள் எல்லாம் உரம், பூச்சிமருந்து என்று சொகுசில் பழகியவை, வறிய நிலத்தில் திணறும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஜெர்மனியில் கீஸன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. மேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் பதிவான 191 கோதுமை ரகங்களை வைத்துச் சோதித்தார்கள். உரமும் மருந்தும் நிறைய, உரம் குறைவு, மருந்தே இல்லை என்று பல நிலைகள். புதிய ரகங்கள் எல்லா நிலையிலும் மேலே நின்றன. குறைந்த இடுபொருளில் வளர்த்தபோதும் பழையவற்றைத் தாண்டின. எதிலும் உச்ச மகசூலை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம், வறுமையையும் சேர்த்துத் தாங்கக் கற்றிருந்தது. ஆய்வாளர்களுக்கேகூட அது ஓரளவு வியப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விதையில் இல்லை என்றால் தழைச்சத்து எங்கே தொலைகிறது? உலகம் முழுவதும் தானியப் பயிர்களுக்கு இடும் தழைச்சத்தில் மணியில் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்குதான் என்று அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலிருந்து ராவ்னும் ஜான்சனும் 1999இல் கணக்கிட்டார்கள். மீதி ஆவியாகிறது, வடிகிறது, நுண்ணுயிர்களால் வாயுவாகி மேலே போகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு. கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும் வாயு.

விடைக்கு மறுபடியும் யாக்கி பள்ளத்தாக்குக்கே போகவேண்டும். அங்கே விவசாயிகள் எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து இட்டு வந்தார்கள். அதில் முக்கால் பங்கை விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு, உடனே தண்ணீரும் பாய்ச்சினார்கள். வயலில் ஒரு செடிகூட இல்லை, வேர் இல்லை, உரம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கிறது. பந்தி போடுவதற்கு ஒரு மாதம் முன்பே சோறு பரிமாறிய கதை. பமேலா மாட்சன், ரோசமண்ட் நேலர், அதே ஓர்திஸ்-மொனஸ்தேரியோ மூவரும் 1998இல் ஒரு மாற்றைச் சோதித்து வெளியிட்டார்கள். மொத்தம் 180 கிலோ. மூன்றில் ஒரு பங்கு விதைக்கும்போது, மீதி ஆறு வாரம் கழித்து. மகசூல் குறையவில்லை. மணியின் தரமும் குறையவில்லை. வளிமண்டலத்துக்குப் போன வாயு வெகுவாகக் குறைந்தது. விவசாயிக்குக் கையில் மிஞ்சும் இலாபத்தில் 12 முதல் 17 சதவீதத்துக்கு ஈடான தொகை மிச்சம்.

எக்டேருக்கு எழுபது கிலோ தழைச்சத்து வெறும் நேரத்தை மாற்றியதால் மிச்சமானது. விதை மாறவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பாசனத் தண்ணீர் திறந்துவிடும் நாட்களை ஒட்டிக் கலிபோர்னியா வளைகுடாக் கடலில் பாசி பெருகுவதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டு 2005இல் பதிவு செய்தார்கள். கோதுமை தின்றிருந்தால் அந்த உரம் கடலுக்குப் போயிருக்காது. உரந்தின்னி என்று நாம் ஏசும் பயிர் தின்னாமல் விட்டதுதான் கடலில் மிதக்கிறது.

கோதுமை முதல் மாதத்தில் மிகக் குறைவாகவே தழைச்சத்து எடுக்கும். தூர் கட்டி முடித்து, தண்டு நீளத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரைதான் அதற்குப் பெரும் பசி. அந்தப் பசியை ஒட்டி மேலுரம் இடுவதும், இலையின் நிறத்தைப் பார்த்துக் கடைசித் தவணையைத் தீர்மானிப்பதும் புதிய ஞானம் இல்லை. லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் கோதுமைக்கு இலைவண்ண அட்டையையும், பச்சையம் அளக்கும் கைக்கருவியையும் வைத்துப் பல ஆண்டுகளாக இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஏக்கருக்கு 110 கிலோ யூரியா. பலர் அதைத் தாண்டித்தான் போடுகிறார்கள்.

ஏன் போடமாட்டார்கள்? 45 கிலோ யூரியா மூட்டை ரூ. 266.50. மணிச்சத்து தரும் டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ ரூ. 1,350. 2010இல் மத்திய அரசு சத்தின் அடிப்படையில் மானியம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையை அவிழ்த்துவிட்டு, யூரியாவை மட்டும் அதற்கு வெளியே பழைய கட்டுப்பாட்டிலேயே வைத்தது. அன்றிலிருந்து யூரியா விலை ஏறத்தாழ அசையவில்லை, மற்றவை எகிறின. மலிவான ஒன்றைக் கொட்டி, விலை கூடியதைக் குறைத்துக்கொள்ளும் விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் போடுவார். 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கினார்கள். 2018இல் மூட்டையின் எடையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். மூட்டை எண்ணிக்கையில் போட்டுப் பழகியவர் தானாகவே குறைத்துப் போடுவார் என்ற நம்பிக்கையில் செய்தது அது. விலை என்ற வேரைத் தொடாமல் கிளையை மட்டும் அசைத்துப் பார்க்கும் முயற்சிகள் இவை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் ஊரில். விதையைத் திட்டும் ஒவ்வொரு மேடையும் இந்த விலைக் கொள்கைக்கு ஒரு நாள் விடுமுறை கொடுக்கிறது. எனக்கு இந்தப் பிரச்சாரத்தின் மேல் இருக்கும் உண்மையான கோபம் இதனால்தான். மந்திரியிடம் கேட்கவேண்டிய கேள்வியை ஒரு புல் செடியிடம் கேட்கிறோம்.

விதையை மாற்றாமல் பழக்கத்தை மாற்றுவது சிறு விவசாயிகளிடம் நடக்குமா என்பவர்களுக்குச் சீனம் பதில் சொல்லியிருக்கிறது. 2005 முதல் 2015 வரை நெல், கோதுமை, மக்காச்சோளம் பயிரிட்ட இரண்டு கோடிக்கு மேற்பட்ட சிறு விவசாயிகளிடம் வயலுக்கேற்ற பரிந்துரைகளைக் கொண்டுசேர்த்தார்கள். மகசூல் சுமார் 11 சதவீதம் கூடியது. தழைச்சத்து 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது. யாரும் பாட்டன் காலத்து விதைக்குத் திரும்பவில்லை.

பழைய ரகங்களைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், ஒருபோதும் இல்லை. 1965இல் வெளியான சி 306 நெட்டை ரகம், மானாவாரியில் நிற்கும், அதன் ரொட்டிக்கு இன்றும் வட இந்தியாவில் தனி மதிப்பு. அதை விளைவித்து நல்ல விலைக்கு விற்பவரை வாழ்த்துவேன். நெட்டையின் தாள் மாட்டுக்குத் தீவனமாகும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. நம் வீடுகளில் ரவையாக வரும் சம்பா கோதுமை தனி இனம், தனிச் சுவை; அதைச் சுவைக்காகச் சாப்பிடுங்கள். ஆனால் அது உரம் வேண்டாத அதிசயம் என்று சொல்லி விற்காதீர்கள். சம்பா கோதுமையும் நெட்டையாக வளர்ந்து சாய்கிறது என்பதால்தான் கர்நாடகத்தின் தார்வாடிலும் நீலகிரியின் வெலிங்டனிலும் அதிலேயே குட்டை ரகங்களை உருவாக்கினார்கள்.

புரதம் பற்றிய குறையும் பாதி உண்மை. மகசூல் கூடும்போது மணியில் புரதத்தின் விகிதம் நீர்த்துப்போகும். கேம்பிரிட்ஜ் சோதனையிலும் பழைய ரகத்தின் மணியில் அது சற்று அதிகம். ஆனால் எக்டேருக்குக் கிடைக்கும் மொத்தப் புரதத்தைக் கணக்கிட்டால் புதியது பின்தங்குவதில்லை. கூடவே, இதற்கும் பழைய களஞ்சியத்திலிருந்து தீர்வு வருகிறது. காட்டுக் கோதுமையிலிருந்து 2006இல் பிரித்தெடுத்த ஒரு மரபணு, இலையிலிருந்து தழைச்சத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் மணிக்கு விரைவாக இறக்குகிறது.

பழைய ரகங்களின் மெய்யான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர்தர் வாட்கின்ஸ் 1920, 30களில் 32 நாடுகளிலிருந்து திரட்டிய 827 நாட்டுக் கோதுமைகள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் காக்கப்படுகின்றன. அவற்றின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்து 2024இல் வெளியிட்டார்கள். அவை ஏழு மூதாதைக் குழுக்களாகப் பிரிகின்றன. இன்றைய கோதுமைகள் அவற்றில் இரண்டு குழுக்களிலிருந்து மட்டுமே வந்தவை. மீதி ஐந்தும் தொடப்படாமல் கிடக்கின்றன. தழைச்சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த உதவும் குணங்கள் அந்தப் பகுதியிலும் கண்டறியப்பட்டுள்ளன. பழையதை வயலில் அப்படியே திரும்ப விதைப்பதைவிட, அந்த ஐந்து குழுக்களின் வேரையும் புரதத்தையும் இன்றைய ரகத்துக்குள் கொண்டுவருவதுதான் அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.

இன்னும் வியப்பான ஒன்று. ஜப்பானில் சுகுபாவில் உள்ள வேளாண் ஆய்வு மையத்தில் குண்டூர் சுப்பாராவ் குழுவினர், மணற்பாங்கான இடத்தில் வளரும் கோதுமையின் காட்டு உறவான ஒரு புல்லைக் கவனித்தார்கள். அதன் வேரிலிருந்து கசியும் பொருள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை மந்தப்படுத்துகிறது. நைட்ரேட் ஆனால்தான் தழைச்சத்து தண்ணீரோடு ஓடும். அம்மோனியமாகவே இருந்தால் மண்ணில் பிடித்து நிற்கும். அந்தப் புல்லின் நிறப்புரித் துண்டு ஒன்றை மெக்சிகோவில் உருவான நல்ல குட்டைக் கோதுமைகளுக்கு மாற்றி, 2021இல் முடிவு வெளியிட்டார்கள். மண்ணில் நைட்ரேட் உருவாவது குறைந்தது, நைட்ரஸ் ஆக்ஸைடு குறைந்தது, குறைந்த உரத்திலும் மகசூல் விழவில்லை. கசிவை விதையே அடைக்கும் காலம் வருகிறது. அதை ஏந்தி வருவது எந்த ரகம் என்று பாருங்கள்: உரந்தின்னி என்று நாம் ஏசிய அதே குட்டை ரகம்.

ஆகவே மேடை ஏறும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோதுமையைப் பற்றிப் பேசும்போது, எந்த இரண்டு ரகங்கள், எந்த வயலில், எக்டேருக்கு எத்தனை கிலோ தழைச்சத்தில் அருகருகே விதைக்கப்பட்டன என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் ரகத்தை விட்டுவிட்டு யூரியா விலையைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் பின்னால் நானும் நிற்பேன். வேளாண் பல்கலைக்கழகங்களிடமும் மத்திய ஆய்வு நிறுவனங்களிடமும் கேட்பது இது: எந்தக் கோதுமை ரகத்தை வெளியிடும் முன்பும், பரிந்துரைத்த அளவில் பாதித் தழைச்சத்தில் அது எவ்வளவு விளைந்தது என்ற எண்ணை விதைப் பையின் மேல் அச்சிடுங்கள். விவசாயி படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.